மூணு மணி நேரப் பயணம்

லிஃப்ட்டுக்காரர் மனைவி சொன்ன பெரிய பொய்க்கு டிக்கெட்டே சாட்சி சொன்னது. காலை பத்து மணிக்குக் கிளம்பி, அதே நாள் மதியம் ஒரு மணிக்கு இறங்குகிற விமானம். "பாருங்க, மூணே மணி நேரம்!" என்று அவரிடம் காட்டினாள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம், நடுவில் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம் என்பதை மட்டும் மென்று முழுங்கிவிட்டாள்.

வேறென்ன செய்வாள், பாவம்! மகள் வெளிநாடு போய் ஆறு வருஷம். பேத்தி நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த இந்த மனுஷனோ, "கயிறு இல்லாம மேல போற எதுலயும் ஏற மாட்டேன்" என்று சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் அடித்துச் சொல்லி வைத்திருந்தார். போன மாதம் மகள் போனில் அழுதேவிட்டாள். "அப்பாவுக்கு நான் வேண்டாம்போல. இனிமே கூப்பிட மாட்டேம்மா." அதற்குப் பிறகுதான் இந்தப் பொய். அவரும், "மூணு மணி நேரம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடறேன்" என்று சம்மதித்தார்.

ஏறியதும் முதல் வேலையாக அவர் முன்னாலிருந்த திரையில் ஒரு சினிமாவைப் போட்டாள். வரைபடம் கண்ணில் பட்டால் தொலைந்தோம். அவரா சினிமா பார்ப்பார்? ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, "ஏய், இறக்கையில அந்தத் தகடு எதுக்குத் தூக்குது?" என்றார். கதவு ரப்பரை எத்தனை நாளைக்கொரு தடவை மாற்றுவீர்கள் என்று பணிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு சாப்பாடு முடிந்தது. தூங்கி எழுந்தார்கள். வெளியே அதே வெயில்.

"ஏன்டி, பொழுது நகரவே மாட்டேங்குதே?"

"மேகத்துக்கு மேல அப்படித்தாங்க" என்று வாய்க்கு வந்ததை உளறினாள். மேற்கே போகப் போக பகலும் கூடவே வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இந்த விமானத்தையே பிடித்திருந்தாள்.

அந்தப் பக்கத்து சீட்டுப் பெண் வரைபடத்தைத் திறந்துவைத்திருந்தாள். இவர் கழுத்தை நீட்டினார். "நேரா போகாம ஏம்மா வில்லு மாதிரி வளைஞ்சு போறாங்க?"

அந்தப் பெண் தன் ஆப்பிளை எடுத்து, ஹெட்போன் வயரை அதன்மேல் இழுத்துப் பிடித்தாள். "உருண்டை மேல இதுதான் சார் குறுக்கு வழி. படத்துலதான் வளைஞ்ச மாதிரி தெரியும்."

"அட!" அவரே ஆப்பிளை வாங்கி நாலு விதமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு திரையில் மெல்லப் படித்தார். "மீதி தூரம் ஐயாயிரம் கிலோமீட்டர். மீதி ஆறு மணி நேரம்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுடுங்க. பதினாலு மணி நேரம்னு சொன்னா வரவே மாட்டீங்கன்னுதான்..." அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

"பைத்தியமே! நாம சாப்பிட்டுப் படுக்கப் போறப்ப நம்ம மக குழந்தைக்குக் காலைச் சாப்பாடு ஊட்டிக்கிட்டே பேசுறா. இந்தக் கணக்குகூடவா எனக்குத் தெரியாது?"

"தெரிஞ்சேவா ஏறினீங்க?"

"ஏற மாட்டேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றேன்னு சொல்றது? நீ அந்த டிக்கெட்டைக் காட்டின அன்னிக்குத்தான் எனக்கு உசிரே வந்துச்சு." அவள் கையை இறுக்கிப் பிடித்தார். அவர் உள்ளங்கை வேர்த்து ஈரமாக இருந்தது. "பயமாத்தான்டி இருக்கு, விட்டுடாத. சொந்தக்காரங்க கேட்டா மூணு மணி நேரம்னு நீ ஏமாத்திட்டதாவே இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, "மக கேட்டா மட்டும், பதினாலுன்னு தெரிஞ்சுதான் அப்பா ஏறினார்னு சொல்லிடு" என்றார்.