வளைவில் எரிந்த விளக்கு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பொன்னமராவதியில் என்னிடம் கார் ஓட்டப் படித்த பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அந்தக் கோபத்தோடு குடித்தனமும் நடத்தி, கூடவே டிரைவிங் ஸ்கூலும் நடத்துகிற மனுஷன் என் வீட்டுக்காரர் ஆத்மநாதன். அவருக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டவள் என்பது எனக்கே ஒரு வளைவில்தான் தெரிந்தது.

கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் டிராக்கில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மைப் போன்றவர்களையும் விடுகிறார்கள். சொந்தக் காரைக் கொண்டுபோய், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஆசை தீர ஓட்டிவிட்டு வரலாம். போட்டியும் கிடையாது, பரிசும் கிடையாது. எனக்கு அதில் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. "மெதுவா, மெதுவா" என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றியவள், ஒரு நாளாவது வேகமாகப் போக வேண்டாமா? அவரிடம் சொன்னபோது சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஸ்கூல் பழைய வண்டி சும்மாத்தானே நிக்கிது. அத ஒனக்கு ரெடி பண்ணித் தாரேன்" என்றார்.

சிக்கல் வண்டியில் இருந்தது. அது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. இழுக்கவும் அதே சக்கரம், திரும்பவும் அதே சக்கரம். கல்யாண வீட்டில் ஒரே ஆள் சமைக்கவும் பரிமாறவும் செய்தால் எப்படியோ, அப்படி. வேகமாக ஒரு வளைவுக்குள் விட்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு நேராகவே போகும். பின்பக்கத்தை இறுக்கினால் முன்பக்கம் தானாகத் திரும்பும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவர் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றினார். முன்சக்கரங்களின் தலையைக் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்தார். பின்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு கம்பியும் பூட்டினார். கம்பியில் மூன்று ஓட்டைகள் இருந்தன. எந்த ஓட்டையில் போல்ட்டை மாட்டுகிறோமோ அதைப் பொறுத்து பின்பக்கம் இறுகும், இளகும்.

ஓட்டிப் பார்க்க இடம் கொடுத்தவன் உதயசூரியன். எங்களிடம் லைசென்ஸ் எடுத்தவன், இப்போது மனை விற்கிறான். ஊருக்கு வெளியே அவன் போட்ட லேஅவுட்டில் தார் ரோடு மட்டும் பளபளவென்று இருக்கிறது, வீடு ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஆள் வராமல் பார்த்துக்கொண்டான். அவனுக்கும் புண்ணியம்.

மூன்றாம் தெரு திரும்பும் இடத்தில் ஒரு நல்ல அகலமான வளைவு. முதல் தடவை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் வேகமாக நுழைந்தேன். பாதி வளைவில் வண்டியின் பின்பக்கம் சட்டென்று வெளியே பிய்த்துக்கொண்டு போனது. முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றோம்.

"கம்பி ரொம்ப இறுக்கங்க" என்றேன்.

அவர் வெயிலில் வண்டிக்கு அடியில் படுத்து போல்ட்டை நடு ஓட்டைக்கு மாற்றினார். மறுபடியும் அதே வளைவு, அதே சுற்று. கடைசி ஓட்டைக்கு மாற்றினார். இந்தத் தடவை பாதிச் சுற்று. டயர் காற்றைக் குறைத்தார், கூட்டினார். அவர் சட்டை முழுவதும் செம்மண். நானோ ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் கத்தினேன். "இப்புடி ஒரு வண்டிய எடுத்துக்கிட்டு எப்புடிங்க டிராக்குக்குப் போறது? நான் வரல. பேரக் கேன்சல் பண்ணிருங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

எனக்கு வந்ததே கோபம்! அவர் வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டு ஏறுவதற்குள் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகவே கிளம்பிவிட்டேன். அதே வளைவில் அதே வேகம். வண்டி கயிறு பிடித்ததுபோலத் திரும்பியது. மூக்கும் ஓடவில்லை, வாலும் ஆடவில்லை. இன்னொரு சுற்று போனேன். சொன்னபடி கேட்டது. சந்தோஷத்தில் அவரை ஏற்றிக்கொண்டு மறுபடி போனேன். பின்பக்கம் பிய்த்துக்கொண்டது.

நிழலில் நின்ற உதயசூரியன் ஓடி வந்தான். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. வளைவுல ஏன்க்கா பிரேக் பிடிக்கிறீங்க? பின்னாடி செவப்பு லைட்டு எரியுதே."

"நானா? நான் ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுக்கவே இல்லடா."

"தனியாப் போனப்ப எரியல. மாமா ஏறுனா எரியுது."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் கீழே பார்த்தோம். ஸ்கூல் வண்டியாயிற்றே! சொல்லித் தருகிறவருக்கு என்று அந்தப் பக்கம் இன்னொரு பிரேக் இருக்கிறது. அந்தப் பெடல் மேலே அவர் வலது கால் பதவிசாக உட்கார்ந்திருந்தது. வளைவுக்கு நடுவில் பிரேக் பிடித்தால் கனமெல்லாம் முன்னால் சரிந்துவிடும், பின்பக்கம் காற்றாகிவிடும். எந்த ஓட்டையில் மாட்டினாலும் சுற்றத்தான் செய்யும்.

"நான் அமுக்கலயே சொர்ணம்" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஊர் ஜனத்தில் பாதி அந்தக் காலை நம்பித்தான் ஓட்டப் படித்தது. முதன்முதலில் ஸ்டியரிங் பிடித்த நாளில் நான் பஸ்ஸுக்கு நேராக விட்டபோது நிறுத்தியதும் அதே கால்தான்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சாமி மலையேறிவிட்டது.

"நான் எறங்கிக்கிறேன். நீ தனியாவே போ. நல்லாத்தானே ஓட்டுற" என்றார்.

"நீங்க இல்லாம எனக்குப் பின்பக்கம் என்ன செய்யிதுன்னு எவன் சொல்லுவான்? டிராக்லயும் நீங்கதான் பக்கத்துல."

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பெடல் பக்கம் குனிந்தார். எழுந்தபோது கையில் ஒரு இரும்புத் தண்டு. இரண்டு பிரேக்கையும் இணைக்கிற தண்டு அது. நான் கழற்றச் சொல்லவில்லை. அவராகத்தான் கழற்றினார்.

"பெடல் மட்டும் இருக்கட்டும். கால் வெக்க ஒரு எடம் வேணும்ல?"

அவர் பெல்ட் போட்டுக்கொள்ளும்வரை காத்திருந்து கிளம்பினேன். கம்பியைத் திரும்ப நடு ஓட்டைக்கே மாட்டியிருந்தார். இந்தத் தடவை இன்னும் வேகமாக நுழைந்தேன், கொஞ்சம் அதிகமாகவே. பின்பக்கம் நழுவ ஆரம்பித்தது. காலை எடு எடு என்று உடம்பு கெஞ்சியது. எடுக்கவில்லை. ஆக்சிலேட்டரை அப்படியே பிடித்து ஸ்டியரிங்கை லேசாக எதிர்ப்பக்கம் விட்டேன். முன்சக்கரம் வண்டியை இழுத்துக்கொண்டு நேராக வெளியே வந்தது.

தெருக்கோடியில் நிறுத்தினேன். உதயசூரியன் தூரத்தில் விசிலடித்தான். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பின்பக்கம் எப்புடிங்க?"

"நல்லா இருக்கு. முன்டயர்ல கொஞ்சம் காத்து கொறைக்கணும்." கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "வளைவு முடியிற வரைக்கும் நான் அமுக்கிக்கிட்டேதான் இருந்தேன், சொர்ணம். வேணும்னு இல்ல. கால் கேக்கல."

அது எதையும் நிறுத்தாது என்று தெரியும் அவருக்கு. தன் கையாலேயே கழற்றினவர். தெரிந்துதான் பெல்ட் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அழக்கூடாது என்று நினைத்தும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிங்க" என்றேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

அவர் காலைப் பெடல்மேல் சரியாக வைத்துக்கொண்டு, "இன்னொரு ரவுண்டு போ" என்றார்.