சூசைப்பிள்ளை கை கழுவிய கேள்வி

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. சர்வஜன வாக்கெடுப்பு மக்களாட்சியை வளர்க்குமா, தேய்க்குமா என்று ஒரு சஞ்சிகை கேட்டது. எண்பத்திரண்டில், பொதுத்தேர்தலை ஒத்திப்போடலாமா என்ற கேள்விக்கு இலங்கை முழுக்க விளக்குச் சின்னத்துக்கும் குடச் சின்னத்துக்கும் வாக்குப் போட்ட கதையில் தொடங்கினேன். ‘மக்களிடமே நேரே கேட்பதைவிட உயர்ந்த’ — இந்த வசனத்தை இதோடு விடுகிறேன். சூசைப்பிள்ளையின் முகம் குறுக்கே வந்து நின்றுவிட்டது.

2

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு மீனவர் சங்கம். அதன் தலைவர் சூசைப்பிள்ளை. (நல்ல மனிதர். ஆரோடும் முகம் முறிக்கமாட்டார். அதுதான் வினை.) சுற்றுலாப் படகுக்காரர் கரையில் இடம் கேட்டு வந்தார்கள். மீனவர் வீட்டுப் பெண் மாகிரட்டும் வேறு பெண்களும் கருவாடு காயப்போடும் இடத்தில்தான் அவர்களுக்குக் கண். கொடுத்தால் பெண்கள் ஏசுவார்கள். மறுத்தால் படகில் வேலை கிடைக்கும் என்றிருந்த ஆண்கள் ஏசுவார்கள். யோசித்து யோசித்து, “வாக்கெடுப்பு வைப்பம்” என்றார். என்ன ஒரு நிம்மதி மனிதருக்கு!

ஞாயிறு பூசை முடிய வாக்கெடுப்பு. கேள்வி ஒரே வரி: ‘சுற்றுலாப் படகுகளுக்குக் கரையில் இடம் கொடுக்கலாமா?’ பதில் ‘ஓம்’ அல்லது ‘இல்லை’. எந்த இடம் என்று கேள்வியில் இல்லை. [மறந்துபோனார் என்று எழுத எனக்கு ஆசை. மறக்கவில்லை.] சங்க உறுப்பினர் எல்லாரும் ஆண்கள். மாகிரட்டின் புருஷன் மெல்ரோய்கூட, வேறெங்கோ ஒரு மூலையாக்கும் என்று ‘ஓம்’ போட்டான். ‘ஓம்’ வென்றது. கருவாட்டு இடம் படகுக்காரருக்குப் போனது.

3

அடுத்த நாள் மாகிரட் சங்கத்துக்கு வந்தாள். (அழுதாள் என்று முதலில் எழுதியிருந்தேன். அவள் அழுகிற ஆளா!)

“என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?”

“உறுப்பினர்களிட்டைத்தானே பிள்ளை கேட்கேலும். சனம் சொல்லிப்போட்டுது, நான் என்ன செய்ய?”

“எனக்கு வாக்கில்லை எண்டு தெரியும். அதுக்குத்தானே அண்ணை, உங்களைத் தலைவராக்கச் சொல்லி வீடு வீடாய்த் திரிஞ்சனான். எங்கட கதையை நீங்கள் கதைப்பீங்கள் எண்டு நம்பினனான்.”

சூசைப்பிள்ளை கதிரையை அவள் பக்கம் இழுத்துவிட்டார். அவள் அதில் இருக்கவில்லை, நின்றாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. படகுக்காரருக்கு ‘ஏலாது’ என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் தன்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். அதைத்தான் அவர் சொல்லாமல் விட்டார்.

4

முடிவு. அவர் சங்கத்தைத் திரும்பக் கூட்டி, கேள்வியைப் பிழையாய்க் கேட்டேன் என்று ஒத்துக்கொள்ளலாம். அல்லது வாய்மூடி இருக்கலாம். திரும்பக் கூட்டட்டுமா, வாசகரே? ஓம், இல்லை என்று சொன்னால் போது —

சீ. நானும் அதையேதான் செய்கிறேன். முடிவு உங்களுடையது என்றால் பழி எனக்கில்லை, அப்படித்தானே?

வாக்கெடுப்பு இல்லை. சூசைப்பிள்ளை வாய் திறக்கவில்லை. அடுத்த கிழமை கரையில் வேலி வந்தது. மாகிரட் இப்போது வீட்டுக் கூரையில் கருவாடு காயப்போடுகிறாள். இப்படி முடித்தது நான். ஏசுவதென்றால் என்னை ஏசுங்கள்.