வான்கதவு: மூன்றாம் பாகம்

உச்சிமாகாளி செத்துப்போய்விட்டான் என்று பட்டாளத்தில் சொல்லிவிட்டார்கள். ஊரில், குத்துக்கல்வலசையில், சொந்தபந்தமெல்லாம் சொல்லிவிட்டது. பெற்ற தாய் முத்துவடிவே சொல்லிவிட்டாள். ஒத்துக்கொள்ளாதவள் அவன் பெண்டாட்டி மஞ்சு ஒருத்திதான். எல்லையில் பனி சரிந்தபோது அவனோடு புதைந்தவர்களை எல்லாம் தோண்டி எடுத்துவிட்டார்கள், அவனை மட்டும் எடுக்க முடியவில்லை. கண்ணால் பார்க்காத உடம்புக்கு நான் எதற்குப் பொட்டை அழிக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். கேட்டு ஏழு வருஷம் ஆகிவிட்டது. பதில் சொல்ல இன்னும் ஆள் பிறக்கவில்லை.

ஆடி பிறந்தால் அந்த வீட்டில் சண்டை பிறந்துவிடும். செத்த நாள் உறுதியாகத் தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் திதி. ஆடி அமாவாசையன்று குற்றாலத்துக்குப் போய், அருவிக்கரையில் இளையவன் வேல்ராஜ் கையால் எள்ளும் தண்ணீரும் விட்டால் மூத்தவனுக்குப் போய்ச் சேரும் என்பாள் முத்துவடிவு.

"எம்புள்ள தாகத்துல நிக்காம்ட்டி. நேத்தும் கனவுல வந்தான். நம்ம கெணத்து மோட்டார் ரூம்கிட்ட நிக்கான். வாயத் தொறந்து தண்ணின்னு கேக்கக்கூட முடியல அவனுக்கு."

"உசுரோட இருக்கவருக்கு எள்ளுத்தண்ணி விட்டா என்னாவும் அத்தை? நாமளே கொன்னதால்லா ஆவும்!"

அவன் செத்திருந்தால் தாய் சொல்வது நியாயம். இருந்தால் பெண்டாட்டி சொல்வது நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் வேல்ராஜ், தட்டில் இருந்த சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, தென்காசியில் இருக்கும் தன் பம்புசெட் ரிப்பேர் கடைக்குக் கிளம்பிவிடுவான். அந்த வீட்டில் அவனளவு விவரமானவர் யாரும் கிடையாது.

போன வருஷம் முத்துவடிவு வேறு வழிக்கு வந்தாள். அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடுவோம் என்றாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒன்றுபோல் மடித்துச் சாமி முன்னால் போட்டு, யாரையாவது விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் மாகாளி இருக்கிறான். சிவப்பு வந்தால் குற்றாலம். அந்த ஊர்ப் பக்கம் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரைக்கும் அப்படித்தான் முடிவு செய்வார்கள். அதில் வந்த உத்தரவை மீறினால் குடும்பம் விளங்காது.

மஞ்சு பயந்தாள். சிவப்பு வந்துவிட்டால்? மாமியார் வாயை அடைக்க என்ன சொல்வது என்று தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"வான்கதவு மூணாம் பாகம் வரட்டும் அத்தை. அத வச்சுப் பாத்துக்கிடுவோம்."

வேறு மாமியாராக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள். முத்துவடிவு எடுக்கவில்லை. அந்தப் படம் அவளுக்கும் தெரியும். முதல் பாகத்தை மாகாளி கல்யாணமான புதிதில் மஞ்சுவோடு பார்த்தான். இரண்டாம் பாகத்தைக் கடைசி லீவில் பார்த்தான். முட்டுவலியால் கொட்டகைக்கு வரமுடியாத தாய்க்கு, வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சண்டைச் சத்தம் முதற்கொண்டு வாயாலேயே போட்டுக் காட்டினான். வானத்தில் ஒரு கதவு திறக்கிறது. அது வழியாக எவனெவனோ வந்து பூமியை அழிக்கிறான். உள்ளே போய்த்தான் கதவைச் சாத்த முடியும். கேப்டன் அகரன் போகிறான், சாத்துகிறான். வெளியே அவன் பெண்டாட்டி நிலா கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். அதோடு படம் முடிந்தது.

அன்றைக்குக் கொட்டகையே அழுதது. பைக்கில் திரும்பும்போது மஞ்சு அவன் முதுகில் முகத்தை வைத்து அழுதுகொண்டே வந்தாள். "ஏட்டி, லூசு! ஹீரோவ எவனாவது கொல்லுவானா? அடுத்த பாகத்துல வந்துருவாம் பாரு" என்று மாகாளி சிரித்தான். லீவு முடிந்து போனான். அந்தக் குளிர்காலத்தில்தான் பனி சரிந்தது.

அடுத்த பாகம் வருவேனா என்றிருந்தது. தயாரிப்பாளர் மாறினார், டைரக்டர் மாறினார், படம் நின்றது, மறுபடி கிளம்பியது. மஞ்சு செல்போனில் அதையெல்லாம் விடாமல் படித்துவந்தாள். இதெல்லாம் முத்துவடிவுக்கும் தெரியும். அதனால் மருமகளிடம் சொன்னாள்:

"சரி. அதுதான் பூவு. படத்துல அந்தக் கேப்டன் திரும்பி வந்தாம்னா நா இனிமே எள்ளுங்கிற பேச்சையே எடுக்க மாட்டேன். வரலன்னா நீ குறுக்க நிக்கக் கூடாது. சாமிக்குப் பொதுவா சொல்லுட்டி."

மஞ்சு சொன்னாள். அம்மன் படத்துக்கு முன்னால் சூடத்தையும் கொளுத்தி வைத்துவிட்டாள் கிழவி. இனி விளையாட்டில்லை.

இந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம் படம் வந்தது. சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. தென்காசிக் கொட்டகையில் பாதிக் கூட்டம் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்திருந்தது. மஞ்சுவும் வேல்ராஜும் காலைக் காட்சிக்குப் போய் உட்கார்ந்தார்கள். வந்துரு, வந்துரு என்று மஞ்சுவின் உதடு தானாக முணுமுணுத்தது.

முதல் பாதி முழுக்கக் கார் பறந்தது, கட்டடம் இடிந்தது. யார் யாரை எதற்கு அடிக்கிறார்கள் என்று அடிப்பவர்களுக்கே தெரியவில்லை. இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு விஞ்ஞானி கண்ணாடித் தொட்டி ஒன்றைத் திறந்தார். புகைக்குள்ளிருந்து கேப்டன் அகரன் நடந்து வந்தான். கொட்டகை விசிலடித்தது. மஞ்சு தன்னை மறந்து வேல்ராஜின் கையைப் பிடித்துவிட்டாள்.

"வந்துட்டாரு! வேல்ராஜு, வந்துட்டாரு!"

வெள்ளைப் பூ விழுந்துவிட்டது. அவளுக்குக் கண் நிறைந்து திரையே தெரியவில்லை. துடைத்துவிட்டுப் பார்த்தாள். விஞ்ஞானி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கதவுக்குள் போவதற்கு முன்பே கேப்டனின் உடம்பையும் நினைவையும் பிரதி எடுத்து வைத்திருந்தாராம். அதிலிருந்து வளர்த்தெடுத்த ஆள்தான் இவன். முதல் பாகத்துச் சண்டையில் அகரனுக்கு இரண்டு விரல் போயிருந்தது. இவனுக்குப் பத்து விரலும் இருந்தது. தலை கலையவில்லை, ஒரு வயசு கூடவில்லை. நிலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள், ஓடி வந்து கட்டிக்கொண்டாள், உடனே பாட்டு.

விசில் நின்றது. அங்கங்கே சிரிப்பு கிளம்பியது. கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான்: "ஏலே, அப்போ உள்ள போனவன் என்னலே ஆனான்?"

கொட்டகை கெக்கலி கொட்டிச் சிரித்தது. மஞ்சு சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் படம் பார்க்கவில்லை, அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனவனை அந்தப் படத்தில் ஒருத்தரும் தேடவில்லை. கதவு என்ற பேச்சே வரவில்லை. அவன் எங்கேயோ இருட்டில் கிடக்க, இங்கே இவனுக்கு மாலை போட்டுக் கொண்டாடினார்கள்.

தானும் அதைத்தானே செய்தோம் என்று அவளுக்குப் பட்டது. ஏழு வருஷமாக அவள் வைத்துக் காத்தது யாரை? பைக்கில் சிரித்துக்கொண்டு போனவனை. நரைக்காதவனை, நோகாதவனை. பனிக்குள் போனவனை அவள் ஒருநாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்கப் பயம். மூச்சு முட்டியிருக்குமா, உடனே போயிருக்குமா, கூப்பிட்டிருப்பாரா, என் பெயரைச் சொல்லியிருப்பாரா? அந்த இருட்டில் அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் இங்கே இன்னொருத்தரைச் செய்து வைத்துக்கொண்டு பொட்டு வைத்துத் திரிகிறேனே! சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். திரையில் அப்போது யாரோ யாரையோ லாரியால் மோதினார்கள்.

வெளியே வந்ததும் வேல்ராஜ் காறித் துப்பாத குறையாகப் பேசினான். "படமா மதினி இது? இதுக்கா இத்தன வருசம் காத்துக் கெடந்தோம்? சவத்துப் பயலுவ!" பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "எப்படியோ வந்துட்டாம்லா. நீங்க ஜெயிச்சிட்டிய. அம்மாட்ட சொல்லிருவோம்."

மஞ்சு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். மாமியாரிடம் என்ன சொல்வதென்று வழி நெடுகத் தேடினாள். வந்துட்டான் என்று சொன்னால், சூடம் கொளுத்திச் செய்த சத்தியம், கிழவி வாயை மூடிக்கொள்வாள். பனிக்குள்ளே கிடப்பவர் அப்படியே கிடப்பார்.

முத்துவடிவு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று முகமே சொன்னது. அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் முட்டுவலியோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"வந்தானாட்டி?"

வரவில்லை என்ற பதிலைத்தான் மாமியார் எதிர்பார்ப்பாள் என்று மஞ்சு நினைத்திருந்தாள். இந்த முகம் அதை எதிர்பார்க்கிற முகமாக இல்லை. பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவளின் முகமாக இருந்தது.

"வந்துட்டாம்னு சொல்லிருட்டி, எந்தாயி" என்று கிழவி அவள் இரண்டு கையையும் பிடித்தாள். "நா எள்ளு எள்ளுன்னு சண்ட போட்டதெல்லாம் எதுக்குன்னு நெனைக்க? நா கேக்கும்போதெல்லாம் நீ, 'இல்ல அத்தை, அவரு இருக்காரு'ன்னு சொல்லுவேல்லா. அந்த ஒரு சொல்லக் கேக்கத்தாம்ட்டி வருசா வருசம் கேட்டேன். ஊருல வேற எவ எனக்கு அதச் சொல்லுதா?"

வேல்ராஜ் முந்திக்கொண்டு வாயைத் திறந்தான். அவன் பேசுவதற்குள் மஞ்சு சொல்லிவிட்டாள்.

"வரல அத்தை."

வேல்ராஜ் திடுக்கிட்டு மதினியைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"வரலியா?"

"வரல. கதவு தொறக்கவே இல்ல."

"தேடுனாவளா?"

"தேடுனாவ. கடைசி வரைக்கும் தேடுனாவ." மஞ்சு நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். "அந்த நிலா கதவுகிட்டயே நின்னா. தல நரைக்கிற வரைக்கும் நின்னா. ஒருநா காத வச்சுக் கேட்டா. உள்ள சத்தமே இல்ல. அவரு எப்பவோ போயிட்டாருன்னு அப்பந்தான் அவளுக்குத் தெரிஞ்சுது. நா இங்கனதான் இருக்கேன், நீ பயப்படாதன்னு சொல்லிட்டு, அழுதுட்டுத் திரும்பிட்டா."

கிழவி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நல்ல படமாட்டி?"

"நல்ல படம் அத்தை."

அதற்குமேல் மஞ்சுவால் முடியவில்லை. கீழே உட்கார்ந்து மாமியாரின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஏழு வருஷத்தில் அந்த இரண்டு பெண்களும் ஒன்றாக அழுதது அன்றைக்குத்தான். வேல்ராஜ் வாசலை விட்டுப் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்று அவனும் அழுதான்.

அமாவாசையன்று விடியற்காலையில் குற்றாலத்தில் நிற்க இடமில்லை. அருவிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்கவில்லை. ஈரவேட்டியோடு வேல்ராஜ் உட்கார்ந்திருக்க, ஐயர் அவன் கையில் தர்ப்பையையும் எள்ளையும் கொடுத்துவிட்டு, யாருக்கு, பேர் என்ன என்று கேட்டார். வேல்ராஜ் தாயைத் திரும்பிப் பார்த்தான். முத்துவடிவு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

அருவிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று மஞ்சு குனிந்து, ஐயரின் காதருகே தன் புருஷன் பெயரைச் சொன்னாள்.