தனி ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை, அத்தான்

1

இந்தக் கதை ஒரு கடையில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குடையாதீர்கள். ஹெட்போன் வாங்கப் போயிருந்தேன். ஹெட்போன்களை ஓம் என்ற மின்தடைக் கணக்கில் பிரிக்கிறார்கள். ஓம் அதிகமென்றால் அதற்குத் தீனியும் அதிகம்; தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி இடையில் மாட்ட வேண்டும். ஓம் குறைவென்றால் கைப்பேசியில் செருகினாலே காதைக் கிழிக்கும். நான் எடுத்தது குறைந்த ஓம். இருந்தாலும் மனசு கேட்கவில்லை, இதற்கும் ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கிப் போடலாமா என்று கேட்டேன். விற்கத்தானே கடை வைத்திருக்கிறார்? ஆனால் அந்த மனிதர் தலையை ஆட்டினார்.

"வேணாங்க. இது சும்மாவே நல்லா கேக்கும். இதுக்குப் போய் ஆம்ப் மாட்டினா, இல்லாததெல்லாம் கேக்க ஆரம்பிச்சிரும்."

அவர் சொன்னது இரைச்சலை. கருவிக்கென்று ஒரு 'உஸ்' உண்டு. குறைந்த ஓம் ஹெட்போன் அதையும் காட்டிக்கொடுத்துவிடும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் என் தலைக்குள் ஒரு பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

2

முதல் வரிக்குப் பட்ட பாட்டைப் பாருங்கள்.

[மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள்] வேண்டாம். மழை பெய்தால் ஒலிப்பதிவு நடக்காது.

[அக்கா போன பிறகும் அக்காவின் குரல்] பரவாயில்லை. ஆனால் இந்தக் கதையில் சிக்கல் குரலில் இல்லை.

["இந்த ஹெட்போனுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை, அத்தான்" என்றாள் தங்கை.] இது இருக்கட்டும். இந்த வரி முழு உண்மை, முழுப் பொய்யும்கூட. எப்படி என்று சொல்லத்தான் மிச்சக் கதை.

3

அக்கா புத்தகங்களை வாசித்து ஒலிநூலாகப் பதிவு செய்பவள். தங்கை அந்தப் பதிவைத் திருத்துபவள். வீட்டின் பின்னறையில் ஒரு சின்ன அடைப்பு. உள்ளே சுவரெல்லாம் பஞ்சு, ஒரு நாற்காலி, ஒரு மைக். அடைப்புக்கு வெளியே கணினியோடு தங்கை. நடுவில் கண்ணாடி வைக்கலாம் என்றாள் அக்கா. கண்ணாடி எதிரொலிக்கும், வேண்டாம் என்றது தங்கைதான். (அந்த இல்லாத கண்ணாடியை மறந்துவிடாதீர்கள்.)

தங்கையின் வேலையில் பாதி, மூச்சை வெட்டுவது. வாசிப்பவர் வரிக்கு வரி மூச்சிழுப்பது கேட்டால் கேட்பவருக்கு எரிச்சல் வரும். வெட்டிய இடத்தை அப்படியே விட்டால் காது அடைத்துக்கொண்டதுபோல் இருக்கும். அதனால் வாசித்து முடித்ததும், அந்த அறை சும்மா இருக்கும் ஓசையை அரை நிமிடம் பதிவு செய்துகொள்வார்கள். ரூம் டோன் என்று பெயர். அதை நறுக்கி, வெட்டிய இடங்களிலெல்லாம் ஒட்டுவார்கள். வாசித்தவர் எழுந்து போகக் கூடாது. ஆள் போனால் அறையின் ஓசையே மாறிவிடும். அதே நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அக்காவுக்கு அதுதான் வராது. தூக்கத்தில்கூட வாய் ஓயாதவள். டோன் எடுக்க உட்கார்ந்தால் வயிறு கடமுடா என்னும், வளையல் உரசும், கடைசியில் களுக்கென்று சிரித்துவிடுவாள்.

"செத்த பொணமாட்டம் உக்காரச் சொல்றியேடி, என்னால முடியுமாடி?" என்பாள்.

[இந்த வசனத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ரொம்ப வசதியாக வந்து விழுகிறது. ஆனால் எல்லா வீட்டிலும் இப்படித்தானே பேசிக்கொள்கிறோம். விட்டுவிட்டேன்.]

4

கடைசி அத்தியாயத்தை முடித்த அன்று நல்ல வெயில். அக்கா உள்ளேயிருந்து முடிந்தது என்றாள். தங்கை அப்படியே உட்காரச் சொல்லிவிட்டு டோன் எடுக்க ஆரம்பித்தாள்.

வயிறு சத்தம் போடவில்லை. வளையல் உரசவில்லை. திரையில் கோடு நூல் பிடித்தாற்போல் ஓடியது. அடடா, மகராசிக்கு இன்றைக்காவது புத்தி வந்ததே என்று தங்கைக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு சுத்தமான மௌனம் இனிமேல் கிடைக்காது, ஓடுகிற வரை ஓடட்டும் என்று நிறுத்தாமல் விட்டுவிட்டு எழுந்து போய்த் தேநீர் போட்டாள். இரண்டு குவளைகளோடு வந்து கதவைத் திறந்தாள். அக்கா நாற்காலியில் நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். எப்போது என்று கேட்டதற்கு, உடனேயும் இருக்கலாம், சற்று நேரம் தவித்தும் இருக்கலாம் என்றார். தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் மிச்சம் தங்கையின் கணினியில் இருக்கிறது. அந்த மௌனத்தின் தொடக்கத்திலேயே மூச்சு இல்லையென்றால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. மூச்சு இருந்து, திணறி, அப்புறம் நின்றிருந்தால்? மேசைக்கும் கதவுக்கும் கைநீட்டும் தூரம்.

அவளுடைய கடைசி வேலை வெளியே வரட்டும் என்றார் அக்காவின் கணவர், அதாவது அத்தான். தங்கை திருத்தினாள். ஒட்டுவதற்கு வேறு மௌனம் எடுக்கலாம் என்றால் அந்த நாற்காலியில் ஆள் இல்லை. ஆகவே அதையே நறுக்கி ஒட்டினாள். புத்தகம் முழுக்க, இரண்டு வரிகளுக்கு நடுவிலெல்லாம் அதுதான் இருக்கிறது. கேட்ட ஒருவர் பதிப்பகத்துக்கு எழுதியிருந்தார்: குரல் அருமை, ஆனால் குரல் நிற்கும்போது யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து காத்திருக்கிறார்கள், தனியாகக் கேட்க முடியவில்லை.

* ஒலி தெரிந்தவர்கள் இந்த இடத்தில் என்னைப் பிடித்துவிடுவீர்கள். மௌனத்துக்குள் கேட்க ஆம்ப்ளிஃபயர் எதற்கு, திரையில் ஒலி அளவுக் கோட்டை மேலே இழுத்தால் போதுமே என்பீர்கள். தங்கைக்கும் அது தெரியும். அவள் அந்தக் கோட்டைத் தொட்டதில்லை.

5

அத்தானுக்கு வேண்டியிருந்தது வேறு.

"அவ பேசுறதெல்லாம் இருக்கும்மா. மூச்சு வாங்குறது ஒண்ணுகூட இல்லியே. அதக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

எல்லாவற்றையும் வெட்டியவள் தங்கைதான். வேலை முடிந்த நூல்களின் மூலப் பதிவுகளை அவ்வப்போது அழித்துவிடுவதும் அவள்தான். வெட்டாமல் மிச்சமிருப்பது கடைசி நாள் டோன் மட்டும்தான் என்று ஏதோ ஒரு பேச்சில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மறுவாரமே அத்தான் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார். கடையில் வேண்டாம் என்றுதான் சொன்னார்களாம், இவர்தான் பிடிவாதமாக வாங்கினாராம். பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயர்.

அப்போதுதான் தங்கை அந்த வரியைச் சொன்னாள். ஹெட்போனைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அவர் தேடும் மூச்சு ஒன்றே ஒன்று கிடைத்தாலும், அது அவளுக்கு எதிரான சாட்சி.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) அத்தான் அவள் பேச்சை நம்பிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிறார். எனக்குச் சௌகரியம். ஆனால் அந்த மனிதர் நான் சொல்லி எழுந்து போகிற ஆளாக இல்லை.

(ஆ) மௌனத்தில் வெறும் இரைச்சல்தான் இருக்கிறது. தங்கை பிழைத்தாள். அத்தான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார்.

(இ) [மூச்சு இருக்கிறது. அத்தானுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் தங்கை அதற்குப் பிறகு எப்படி]

இங்கே நின்றுவிட்டேன். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் கைப்பேசியில் பதிந்து கேட்பது என் பழக்கம். புது ஹெட்போனில் கேட்டேன், ஆம்ப்ளிஃபயர் இல்லாமல்தான். பகுதி எண்களுக்கு நடுவே நான் மூச்சு வாங்குவது நன்றாகவே கேட்டது. நான்காம் பகுதிக்குப் பிறகு மட்டும் ஒரு நீண்ட இடைவெளி. அதில் மூச்சு இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்றாள் மனைவி. இருக்கலாம். ஆனால் நான் அங்கே நிறுத்தவே இல்லை. நான்காவதை முடித்த கையோடு ஐந்தாவதைப் படித்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

7

அத்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகினார். கண்ணை மூடினார். தங்கை அவருடைய மார்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கு," என்றார். "இழுக்குது... விடுது. அவ இருக்காம்மா."

அவர் இழுக்குது என்றபோது அவர் மார்பு ஏறியது. விடுது என்றபோது இறங்கியது. காதை இறுக்கி மூடும் ஹெட்போனில் நம் மூச்சு நமக்கே கேட்கும். திருத்தும் வேலைக்கு வருபவர்கள் முதலில் பழகிக்கொள்வது அதைத்தான். அது உங்கள் மூச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் தப்பித்தாள். அவருக்கு மறுபடியும் ஒன்றுமில்லை. மூடிய இமைகளிலிருந்து அவருக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தங்கை வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"இவ்ளோ நேரம் மூச்சு விட்டிருக்காளே. நீ எங்கம்மா இருந்த?"

தங்கை அந்த மூச்சை அவருக்கே விட்டுக்கொடுத்தாள்.

"டீ போட்டுட்டு இருந்தேன், அத்தான்."

கேட்டதும் அவருக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. சட்டைப் பொத்தான்கூட அசையவில்லை. பார்த்துக்கொண்டிருந்த தங்கைக்கு, பாவம், இப்போதாவது அந்த ஓசை நின்றிருக்கும், அவருக்கே புரிந்திருக்கும் என்று தோன்றியது. அத்தான் ஒரு விரலை உயர்த்தினார். அவளைச் சும்மா இருக்கச் சொன்னார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

பிறகு கண்ணைத் திறக்காமலே ஹெட்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"நிக்கலம்மா. நீயே கேளு."

8

தங்கை கையை நீட்டிவிட்டாள். வாங்கிக்கொள்கிறாளா என்று நான் எழுத மாட்டேன். அதை எழுத நானும் கேட்டாக வேண்டும். கடைக்காரர் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டுத் திரும்பி வந்தவன் நான்.

கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். இருக்கிற இடத்திலேயே ஆடாமல் அசையாமல் உட்காருங்கள். உங்கள் மூச்சையும் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அத்தானைப் போலவே குழம்பிவிடுவீர்கள். ஒன்றும் கேட்கவில்லையென்றால் தங்கையிடம் போய்ச் சொல்லுங்கள். ஏதாவது கேட்டால் அத்தானிடம் சொல்லுங்கள். இருவரும் ஒரே அறையில்தான் நிற்கிறார்கள், யாரைப் பார்த்துச் சொல்வது என்பது உங்கள் பாடு.

[







]