நாலாவது வருஷம்

பரீட்சை முடிவு வந்த அன்று ஈஸ்வரி பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பருப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவள் சத்துணவு அமைப்பாளர். கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பை நாற்பதை நெருங்கும்போது மறுபடி தொடங்கி, தஞ்சாவூரில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் சனி ஞாயிறு வகுப்புகளுக்கு மூன்று வருஷம் போய்வந்தவள். போனில் கூப்பிட்டவள் அஃப்ரீன். கூத்தாநல்லூர்ப் பெண். வகுப்பில் ஈஸ்வரியின் பக்கத்தில் உட்காருகிறவள்.

"அக்கா, வரலாறுல நீங்கதான் ஃபர்ஸ்ட்டு. சார் உங்களை நேர்ல வரச் சொன்னாரு."

"சரி, வர்றேன்" என்றாள் ஈஸ்வரி. சந்தோஷம் வரத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன்னால் மனசில் வந்து உட்கார்ந்தது வேறொன்று: இனிமேல் ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம்.

அந்தத் தூக்கத்துக்குத்தான் ஆபத்து வந்தது. சனிக்கிழமை தஞ்சாவூருக்குப் போனபோது, வகுப்பெடுக்கும் சந்தானகிருஷ்ணன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"மூணு வருஷத்துல பட்டம் வந்துடுச்சு. இன்னொரு வருஷம் சேர்ந்தீங்கன்னா ஆனர்ஸ். நல்ல மார்க் இருந்தாத்தான் விண்ணப்பிக்கவே முடியும். உங்களுக்கு இருக்கு. உங்க ஊர் வாய்க்கால்ல முறைத் தண்ணிக்காகப் பொம்பளைங்க மடைய மறிச்சு உக்காந்தாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அதையே எடுத்து ஆய்வு பண்ணலாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அஃப்ரீன் தான் விண்ணப்பிக்கப் போவதில்லை என்றாள். மார்க் இருந்தது, கைக்குழந்தையும் இருந்தது. "எனக்கு ஒரு டிகிரி வேணும்னு இருந்துச்சு, வந்துருச்சு. போதும்கா. எங்க அத்தா, அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"எனக்கும் போதும்னுதான் தோணுது."

அஃப்ரீன் சிரித்தாள். "பரீட்சை முடிஞ்ச பெறகும் லைப்ரரி புஸ்தகத்தத் திருப்பிக் குடுக்காம வச்சிக்கிட்டிருந்தது யாரு? உங்களுக்குப் படிப்பு அலுக்கலக்கா. வேற என்னமோ அலுத்துப்போச்சு."

ஈஸ்வரி சீட்டில் தலையைச் சாய்த்தாள். அம்மாப்பேட்டை தாண்டுவதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.

வீட்டில் யாரும் தடுக்கவில்லை. புருஷன் குணசேகரன், "படியேன், யாரு வேணாங்கறா?" என்றான். திருச்சியில் நர்ஸிங் படிக்கும் மகள் வானதி போனிலேயே கத்தினாள்: "அம்மா, கண்டிப்பாப் படி! ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்." ஒருத்தராவது வேண்டாம் என்றிருந்தால் சண்டை போட்டாவது சேர்ந்திருப்பாள். எல்லாரும் சரி என்றார்கள். ஆனால் எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

குணசேகரன் குவைத்தில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து முதுகு போய்த் திரும்பி வந்தவன். வந்த வருஷமே சென்னையில் இருக்கும் வெங்கட்ராகவனின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தான். வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிறான் என்று ஊர் பேசிவிடக்கூடாதே என்ற பயம். ஆனால் குனிய முடியாது, மூட்டை தூக்க முடியாது. நாற்றங்கால் விடுவது, நடவுக்கு ஆள் கூப்பிடுவது, விடியற்காலையில் மடை திறந்து வைப்பது, உரம் போடுவது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்வரி தலையில் வந்து விழுந்தன. அவன் டீக்கடையில், "நம்ம வயல்ல இந்தத் தடவை..." என்று பேசுவான். அவள் அந்த வயலிலிருந்து வந்து குளித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். சனி ஞாயிறு வந்தால் தஞ்சாவூருக்கு ஓடுவாள்.

அந்த வாரம்தான் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் குப்பையும் செத்தையுமாக நுரைத்துக்கொண்டு வந்து சேர, ஊரே குறுவைச் சாகுபடிக்கு இறங்கியது. ஈஸ்வரி சேற்றுக்காலோடு வீட்டுக்கு வந்து, போனில் விண்ணப்பத்தைத் திறப்பாள். பெயர், ஊர் வரைக்கும் போட்டுவிட்டு உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவாள். புதன்கிழமை, வேண்டாம் என்றே முடிவு பண்ணிவிட்டாள். முடிவு பண்ணியதும் நிம்மதி வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் முளைகட்டிய விதைநெல்லை நாற்றங்காலில் தெளித்து முடித்தாள். வரப்பில் ஏறக் காலை எடுத்து வைத்தவள், ஏறாமல் அப்படியே சேற்றோரம் உட்கார்ந்துவிட்டாள். மயக்கமில்லை, வலியுமில்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கொக்குகள் வந்து இறங்கின. விரட்டக்கூட அவள் கையைத் தூக்கவில்லை.

தூரத்திலிருந்து பார்த்த குணசேகரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தான். "என்னாச்சு ஈஸ்வரி? பூச்சி கீச்சி கடிச்சிருச்சா?"

"ஒண்ணுமில்லீங்க. எந்திரிக்கத் தோணல."

அவன் கையை வீசிக் கொக்குகளை விரட்டினான்.

"நான் படிக்கப் போகல. சாருக்குப் போன் பண்ணிச் சொல்லிடப் போறேன்."

"ஏன்? நான்தான் படின்னு சொல்லிட்டேனே."

"இதெல்லாம் யாரு பாக்குறது?"

"நான் பாத்துக்குறேன்."

ஈஸ்வரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பாக்குறீங்க. நான் செய்யிறேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்படவும் அவளிடம் தெம்பில்லை. "குத்தகைய விட்டுடலாங்க" என்றாள். இத்தனை நாள் அந்த வார்த்தை தன்னிடம் இருந்ததே அவளுக்குத் தெரியாது. சொன்ன பிறகுதான், எதை இறக்கி வைக்க முடியாமல் படிப்பை இறக்கி வைக்கப் பார்த்தோம் என்று புரிந்தது.

அவன் முகம் கறுத்தது. "வெள்ளாமை இல்லாம இந்த ஊர்ல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நடக்கச் சொல்ற?"

"நம்ம நெலமா இது?"

அவன் திரும்பி நடந்துவிட்டான். வழுக்கும் வரப்பில் ஒரு கையை நீட்டிக் காற்றைப் பிடித்தபடி அவன் நடப்பதைப் பார்த்தபோது, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. அன்று அவன் வீட்டில் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, சமையலறை ஜன்னலுக்கு வெளியே அவன் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை.

"வெங்கட்ராகவன் சார்கிட்டப் பேசிட்டேன். இந்தக் குறுவைய மட்டும் முடிச்சுக் குடுத்துடுறோம்னேன். அடுத்த போகத்துக்கு வேற ஆள் பாத்துக்குறாராம்."

ஈஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னாரு?"

"சரின்னாரு." கொஞ்சநேரம் ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தான். "ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல ஈஸ்வரி. இத்தன வருஷம் பண்ணியிருக்கேன், ஏன் விடுறேன்னு கேக்கல."

அவள் வெளியே போய் அவன் பக்கத்தில் நின்றாள். ஜெயித்த மாதிரி இல்லை. யாரோ பாடுபட்டுத் தூக்கி வந்ததை வழியிலேயே பறித்துக் கீழே போட்ட மாதிரி இருந்தது. "சோறு இருக்கு, சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். படியில் உட்கார்ந்து அவன் சாப்பிட்டான். அவன் சாப்பிடச் சாப்பிட, பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்து விண்ணப்பத்தைப் போட்டு முடித்தாள்.

அந்தக் குறுவை அவளை ஒரு வழி பண்ணிவிட்டது. அறுவடை நேரத்தில் மழை வேறு. ஈர நெல்லைக் காயவைத்து, கிளறி, மறுபடி தார்ப்பாய் போட்டு மூடிக் கரைசேர்ப்பதற்குள் நாலாவது வருஷ வகுப்புகள் தொடங்கிவிட்டன. அடுத்த போகத்துக்கு அந்த வயலில் சித்தீக் என்பவர் எந்திரம் விட்டு நட்டார். பஸ்ஸுக்குப் போகும் வழி அந்த வரப்பை ஒட்டித்தான். முதல் சில வாரம் அவள் அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தாள். குணசேகரன் உரக்கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறான். வயலைப் பற்றி இன்னும் பேசுகிறான். "அவரு வயல்ல" என்று பேசுகிறான்.

ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை, தொப்பலாக நனைந்து ஈஸ்வரி வீட்டுக்கு வந்தாள். சார் அவள் எழுதிக் கொடுத்த பக்கங்களில் பாதியை அடித்துத் திருப்பித் தந்திருந்தார். குணசேகரன் சோறு வடித்து ரசம் வைத்திருந்தான். சோறு குழைந்திருந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு என்ன நடத்துனாங்க?" என்று கேட்டான். நிஜமாகவே கேட்டான்.

"நாளைக்குச் சொல்றேங்க. வாயத் தொறக்க முடியல."

"நாளைக்கும் கிளாஸ்தானே?"

"ஆமா" என்றாள் ஈஸ்வரி. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினாள்.