சவ வண்டி குறுக்கே வந்த துப்பாக்கிச் சண்டை

லென் டிப்ஸ் இருபத்திரண்டு வருடமாகச் சினிமாவில் செத்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் உருண்டார், தேம்ஸ் நதியில் மிதந்தார், ஒரு படத்தில் கம்பளத்துக்குள் சுருட்டியும் வைத்தார்கள். இத்தனை சாவிலும் ஒருமுறைகூட முகம் தெரிந்ததில்லை. அவருடைய முதுகுதான் நடிகர். முகம் கிராய்டனில் மனைவியோடு குடியிருக்கும் ஒரு சாதாரண ஆள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அந்தக் குறை தீரும்போலிருந்தது. கௌபாய் படம் எடுக்க அமெரிக்கா வரை எதற்குப் போக வேண்டும், இங்கிலாந்தின் டார்செட் கிராமங்களில் இல்லாத குதிரையா என்று ஒரு தயாரிப்பாளருக்குத் தோன்றிவிட்டது. கதை இதுதான்: டெக்சாஸ் போய்த் துப்பாக்கி பழகிய டார்செட் விவசாயியின் மகன் ஊர் திரும்புகிறான். மேய்ச்சல் நிலத்தை ஜமீன்தாரின் காரியஸ்தன் வளைத்துப் போட்டிருக்கிறான். கடைசியில் இருவரும் டீக்கடைக்கும் மாதா கோவிலுக்கும் நடுவே தெருவில் சுட்டுக்கொள்கிறார்கள். காரியஸ்தன் வேடம் டிப்ஸுக்கு. கேமராவுக்கு நேராக நின்று, குண்டடிபட்டு, ஒரு வசனம் பேசிவிட்டுச் சாக வேண்டும்: "பூட்ஸைக் கழட்டாதீங்க. இப்படியே போறேன்."

டிப்ஸ் இதைக் குளியலறையில் ஒரு மாதம் பேசிப் பார்த்தார். மனைவி மேவிஸ் இறைச்சிக் கடைக்காரர் வரை தமுக்கடித்துவிட்டாள். கிளம்புகிற அன்று அவருடைய கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"இத்தனை வருஷமா உன் முதுகத்தான் என் புருஷன்னு காட்டிகிட்டிருக்கேன் லென். எனிட் ஒவ்வொரு தடவையும் வாயைப் பொத்திகிட்டுச் சிரிக்கிறா. இந்தத் தடவ அவ முன்னால என் மானத்தக் காப்பாத்து."

எனிட் அவளுடைய தங்கை. வங்கி மேலாளரைக் கட்டியவள்.

ஒப்பனைக்கார அம்மா டிப்ஸுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தாள். அகலத் தொப்பிக்குக் கீழே அவர் கொலைகாரன். தொப்பியை எடுத்தால் முழு வழுக்கை, தபால் நிலைய குமாஸ்தா. எது நடந்தாலும் தொப்பி தலையைவிட்டுப் போகக் கூடாது. டிப்ஸ் அதற்கு உள்ளே ஒரு நாடாவே தைத்துக்கொண்டார்.

ஊர்க் காவலர் மதியம் ஒரு மணி வரை தெருவை விட்டுக்கொடுத்திருந்தார். இரண்டு மணிக்கு ஒரு சவ அடக்கம். அதைப் பாதிரியார் பன்னிரண்டுக்கு மாற்றி, ஊர் முழுக்கச் சொல்லி அனுப்பினார். படக்காரர்களை ஊரில் சேர்த்தி என்று யாரும் நினைக்கவில்லை, அதனால் அவர்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

காலை முழுவதும் வெயில் கண்ணாமூச்சி ஆடியது. கதாநாயகனுக்கு மாலையில் லண்டனில் மேடை நாடகம், பன்னிரண்டரைக்குக் கார் கிளம்பியாக வேண்டும். பன்னிரண்டுக்குச் சற்று முன் வெயில் வந்தது. இந்த ஒரு தடவைதான், விட்டால் போச்சு என்றார் இயக்குநர் ஃபென்விக். கேமரா கதாநாயகனின் தோளுக்குப் பின்னாலிருந்து டிப்ஸின் முகத்தைப் பார்த்து ஓடத் தொடங்கியது.

டிப்ஸ் துப்பாக்கியருகே கையைக் கொண்டுபோனார். அப்போது டீக்கடைச் சந்திலிருந்து சவ ஊர்வலத்தை நடத்திச் செல்பவர், உயரத் தொப்பியும் கைத்தடியுமாக மெல்ல நடந்து வந்தார். அவருக்குப் பின்னால், அவர் நடையின் வேகத்திலேயே கருப்பு வண்டி. உள்ளே பெட்டி, மேலே ஒரே ஒரு மலர்வளையம். அதற்கும் பின்னால் ஒரு கார். எதிரே இருந்த கோவில் வாசலுக்குப் போகத் துப்பாக்கிக்காரர்கள் இருவருக்கும் நடுவேதான் வழி.

சவம் கடக்கும்போது ஆண்கள் தொப்பியை எடுப்பது அங்கே வழக்கம். யோசித்திருந்தால் டிப்ஸ் எடுத்திருக்க மாட்டார். கை யோசிக்கவில்லை. நாடா அறுந்தது, வழுக்கை வெயிலில் பளபளத்தது, அவர் தொப்பியை மார்போடு வைத்துத் தலை குனிந்து நின்றார். கதாநாயகனும் எடுத்தான். குதிரைக்காரர்கள், சாராயக்கடை அடியாட்கள், ஃபென்விக், எல்லோரும் வெறுந்தலையோடு நின்றார்கள். கேமராக்காரர் ஒரு கையால் தன் தொப்பியை எடுத்தார். நிறுத்து என்று யாரும் சொல்லாததால் மறு கை கேமராவிலேயே இருந்தது.

வண்டி கோவில் வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் டிப்ஸுக்குத் தன் வசனம் ஞாபகம் வந்தது. அண்ணாந்து பார்த்தார். மேகம் மூடியிருந்தது.

"உங்களத் திட்டக்கூட முடியல டிப்ஸ்," என்றார் ஃபென்விக். "நானும்தானே தொப்பிய எடுத்தேன்."

கதாநாயகன் காரில் ஏறிப் போனான். பிறகு, முதுகுக்கு யாரானால் என்ன என்று ஸ்டுடியோவில் வேறொரு ஆளை வைத்து, முதுகுப்பக்கமிருந்து காரியஸ்தனின் சாவை எடுத்தார்கள். டிப்ஸுக்குச் சொந்தச் சாவிலும் பங்கில்லாமல் போயிற்று. மேவிஸிடம் இதைச் சொல்ல, படம் வரும்வரை எட்டு மாதமும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

படத்தை முதலில் அந்த ஊருக்குப் பக்கத்துச் சந்தை நகரத்தில் காட்டினார்கள். மேவிஸ் புது கோட்டு தைத்துக்கொண்டு, எனிட்டையும் ரயிலேற்றிக் கூட்டி வந்தாள். ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள்.

ஃபென்விக் அந்தத் துண்டை வெட்டாமல் வைத்திருந்தார். சண்டைக்காரர்கள் நிற்கிறார்கள். வண்டி கடக்கிறது. ஒரு வழுக்கைத் தலை எட்டு விநாடி குனிந்திருக்கிறது, அதற்குப் பின்னால் வரிசையாக வெறுந்தலைகள். பிறகு தொப்பி, வெடிச்சத்தம், யாரோ ஒருவருடைய முதுகு. அவ்வளவுதான். வசனம் எப்போ வரும் என்று எனிட் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். பெயர்ப்பட்டியலிலும் டிப்ஸ் இல்லை. மேவிஸ் புது கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள். டிப்ஸுக்கு அவமானத்தில் காது கொதித்தது.

வெளிக்கூடத்தில் கூட்டம் நகரும்போது, சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி அவருடைய கையைத் தொட்டு நிறுத்தினாள். தன் பெயர் யெல்லண்ட் என்றாள்.

"தொப்பிய எடுத்தது நீங்கதானேங்க?"

ஆமாம் என்றார் டிப்ஸ். மன்னிப்புக் கேட்க வேண்டுமோ என்று குழம்பினார்.

"வண்டில இருந்தது என் வீட்டுக்காரர். ரோடு கூட்டுற வேலை. உயிரோட இருந்தப்ப அவரத் தாண்டிப் போறவங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. அன்னிக்குப் பின்னாடி கார்ல நான் குனிஞ்சே கெடந்தேன். தெருவுல யாரு நின்னா, யாரு போனா, ஒண்ணும் தெரியாது. இன்னிக்குத்தான் பாத்தேன். எத்தன பேரு!"

டிப்ஸின் கை தானாகத் தலைக்குப் போனது. அங்கே தொப்பி இல்லை.

"நாளைக்கும் ஓடுதாம். மறுபடி வருவேன்," என்றாள் அவள். "உங்க பேரு படத்துல போடலியே?"

எனிட் மேவிஸைப் பார்த்தாள். மேவிஸ் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"டிப்ஸ்ங்க," என்றாள். "லென்னர்ட் டிப்ஸ். என் வீட்டுக்காரர்."