நோ பெயின்

முதல் நாள் சிகிச்சை அறையில் தெரபிஸ்ட் மோரா கைகூப்பி, "வனக்கம்" என்றாள். சொல் கொஞ்சம் நொண்டியது. என்றாலும் கிருஷ்ணராசாவுக்கு அது போதுமாயிருந்தது. இந்த ஆஸ்பத்திரிக்குத் தமிழ்ச் சனம் நிறைய வரும், அவர்களிடம் பொறுக்கியிருப்பாள். இன்னும் நாலு சொல் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

லண்டனில், டூட்டிங்கில் ஒரு கடையின் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தபோது, எண்ணெய்த் தாச்சி சரிந்து அவருடைய வலது கையில் கொட்டியது. தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். புண் ஆறியது. ஆறிய தழும்பு தடித்துச் சிவந்து, விரல்களை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. அதற்குத்தான் இந்த அதிர்வலைச் சிகிச்சை. கிட்னிக் கல்லை உடைக்கிற அதே வகை மெஷின். தழும்புக்கு வைத்தால் இளகுகிறதா என்று இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"அண்ணைக்கு ஷாக் குடுக்கினமாம்," என்றான் பாஸ்கரன். தோர்ண்டன் ஹீத்தில் அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டில் பக்கத்து அறைக்காரன். "வந்தோடன அந்தக் கையால பல்பைப் பிடியுங்கோ, பத்துதோ எண்டு பாப்பம். கரண்ட் பில் மிச்சம்."

"கரண்ட் இல்லையடா. சத்தம் மாதிரி ஏதோ. அலை."

"அப்ப ரேடியோ பாடும்."

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் கையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கிற காலமும் இல்லை. 2009 சித்திரை. மற்றவர்கள் வேலை முடிந்த கையோடு ரயிலேறி, சண்டையை நிறுத்தக் கேட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் வன்னிக்குள் யாரோ ஒருவர் இருந்தார். அங்கிருந்து போன் வரவில்லை. அந்த முகங்களிடம் என் கை நோகிறது என்று எந்த வாயால் சொல்வது? ஜெர்மனியில் இருந்த மனைவி சிவகௌரியிடமும் எண்ணெய் தெறித்தது என்று மட்டுமே சொல்லியிருந்தார். மகளின் படிப்பு முடிந்ததும் இருவரும் லண்டனுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. அதைக் குழப்ப மனமில்லை.

ஆகவே, உள்ளதை உள்ளபடி சொல்ல அவருக்கு வாய்த்தவள் மோரா ஒருத்திதான்.

ஜெல் பூசுவாள். மெஷினின் முனையைத் தழும்பில் வைப்பாள். டக் டக் என்று அது குத்தத் தொடங்கும். எலும்புக்குப் பக்கத்தில் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல இருக்கும். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்பாள்.

"பெயின்?"

"நோ," என்பார் அவர். அவருடைய ஊரில் வலி என்று யாரும் சொல்வதில்லை. பல்லு நோ, வயித்து நோ, இடுப்பு வலித்தால் நாரி நோ.

"நோ? நோ பெயின்?"

இங்கிலீஷ் ‘நோ’ அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் வணக்கம் சொன்ன வாய் அல்லவா? தமிழில் ஒருதரமும் இங்கிலீஷில் ஒருதரமும் கேட்டு உறுதிப்படுத்துகிறாள் என்றே எடுத்துக்கொண்டார். இத்தனை கவனமாக இந்த நாட்டில் யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

"நோ. பெயின்," என்று தலையசைப்பார்.

"குட்!" என்று மோரா மெஷினைக் கொஞ்சம் கூட்டுவாள்.

நோகத்தான் வேண்டும் போலும், நொந்தால்தான் இளகும் என்று அவர் விளங்கிக்கொண்டார். பல்லைக் கடித்தார். கண்ணில் நீர் முட்டினால் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஆம்பிளை ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் அழக் கூடாது. அடுத்த கிழமையும் கேட்டாள், சொன்னார், கூட்டினாள். சுண்டுவிரல் மெல்ல இளகிக் கொடுத்தது. வீட்டுக்குத் திரும்பும்போது கை விண் விண் என்று தெறிக்கும். பஸ்ஸின் மேல்தட்டில் முன் சீட்டில் இருந்து, அதை ஒரு பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டு, ஒருத்திக்குத் தெரியும் என்று நினைப்பார். இத்தனை சனத்துக்குள் ஒருத்திக்காவது தெரியும். அந்த நினைப்போடு அடுத்த வியாழக்கிழமைவரை ஓட்டிவிடலாம்.

வைகாசி நடுவில் வன்னியில் எல்லாம் முடிந்துபோனது. வீட்டில் டிவியை யாரும் நிறுத்தவுமில்லை, பார்க்கவுமில்லை. பாஸ்கரன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். வியாழக்கிழமை வந்தது. கிருஷ்ணராசா ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அன்று மேசையில் ஒரு போன் ஸ்பீக்கரில் கிடந்தது. சிகிச்சை பாதி முடிந்துவிட்டதால் விவரமாக விசாரிக்க வேண்டுமாம். மொழிபெயர்க்க ஒரு பெண். தமிழ்நாட்டுக் குரல்.

"வணக்கம் சார். கையில வலி எப்படி இருக்குன்னு கேக்குறாங்க."

"சரியான நோ எண்டு சொல்லுங்கோ, பிள்ளை."

"நோன்னா... இல்லைங்களா?"

"இல்லை, இல்லை."

"வலி இல்லை?"

"இல்லையம்மா! நோ இருக்கு. நோகுது. நீங்கள் சொல்லுற வலி."

"ஐயோ," என்றது குரல். "ரொம்பவா சார்?"

"மெஷின் வைக்கேக்க உயிர் போய் வரும். இவவுக்குத் தெரியும்தானே. ஒவ்வொருக்காலும் கேக்கிறவ, நான் சொல்லுறனான்."

குரல், அவருடைய ‘நோ’வுக்கு என்ன அர்த்தம் என்பதையும் சேர்த்து, இங்கிலீஷில் பேசியது. மோராவின் கழுத்திலிருந்து முகம்வரை சிவப்பு ஏறியது. எதையோ சொன்னாள். நிறுத்திவிட்டு மறுபடியும் அதையே சொன்னாள்.

"சார், அவங்களுக்குத் தெரியாதாம். நீங்க ஒவ்வொரு தடவையும் ‘நோ பெயின்’னுதான் சொன்னீங்களாம். வலியே இல்லைன்னு நினைச்சுக் கூட்டிக்கிட்டே போயிருக்காங்க. மன்னிப்பு கேக்குறாங்க. நீங்க ஏன் கையை இழுத்துக்கலைன்னு கேக்குறாங்க."

கிருஷ்ணராசா மோராவைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது.

"அவவுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

"அதை அப்படியே சொல்லவா சார்?"

"வேண்டாம். பரவாயில்லை எண்டு சொல்லுங்கோ."

அன்று மெஷின் வைக்கவில்லை. பஸ்ஸில் அவர் மேலே ஏறவில்லை. கீழே, கதவுக்குப் பக்கத்தில் நின்றார். கை நொந்தது. பழைய நோதான், கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் இத்தனை கிழமையும் அதை இரண்டு பேர் சுமப்பதாக நினைத்திருந்தார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. சிவகௌரி.

"என்னப்பா, கை எப்பிடி?"

"பரவாயில்லை."

"நோ ஏதும் இருக்கோ?"

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததும் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தார். பஸ் ஒரு தரிப்பில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

"இல்லை," என்றார். "நோ இல்லை."

அடுத்த வியாழன் போகாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தார். சப்பாத்தைப் போட்டார், கழற்றினார். பாஸ்கரனின் கதவு இன்னும் சாத்தியே இருந்தது. திரும்பவும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

மோரா அவரை அறை வாசலிலேயே எதிர்கொண்டாள். இருத்தினாள். மெஷினை நன்றாகக் குறைத்து, குறைத்ததை அவருக்குக் காட்டினாள். கையில் ஜெல் பூசினாள். முனையை எடுத்தாள். ஆனால் ஸ்விட்சைப் போடவில்லை. முதலில் கேட்டாள்.

"பெயின்?"

"நோ," என்றார். பழக்கத்தில் வந்துவிட்டது.

மோரா சிரிக்கவில்லை. தன் நெஞ்சைத் தொட்டு, "மை நோ?" என்றாள். பிறகு விரலை அவர் பக்கம் நீட்டினாள். "யுவர் நோ?" தன் பாஷை நோவா, அவருடைய பாஷை நோவா என்று கேட்கிறாள்.

மெஷின் ஓடவில்லை. கையில் ஜெல்லின் குளிர் மட்டுமே இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் கை நோகவில்லை.

கிருஷ்ணராசா இடது கையைத் தன் நெஞ்சில் வைத்தார்.

"மை நோ," என்றார்.

இந்தமுறை அவள் குட் என்று சொல்லவில்லை. முனையைத் தட்டில் வைத்தாள். ஸ்டூலை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு இருந்து, ஜெல் பூசிய அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டாள்.